பாதி விலை ரெகுலேட்டர்: கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் ஸ்கூபா செட் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் பக்கமிருந்து ஸ்கூபா செட் (தண்ணீருக்குள் சிலிண்டர் காற்றில் மூச்சு விட்டு நீந்தும் கருவி) ஆன்லைனில் வாங்கப் பார்க்கிறவர்கள் பணம் கட்டும் முன் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். பாண்டிச்சேரியில் ஓபன் வாட்டர் கோர்ஸ் (டைவிங்கில் முதல் நிலைப் பயிற்சி) முடித்துவிட்டு, சொந்த செட் வேண்டும் என்று தேடுகிறவர்கள் ஒரு பக்கம். கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுக்கச் சின்ன சிலிண்டர் ஒன்று கிடைக்குமா என்று தேடுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேருமே ஒரே மாதிரி ஆட்களிடம்தான் போய் மாட்டுகிறார்கள்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். காவேரிப்பட்டணம் பக்கத்துத் தம்பி ஒருவர் ஒரு ஷாப்பிங் தளத்தில் ரெகுலேட்டர் செட் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தை மூச்சு விடும் அளவுக்குக் குறைத்துத் தரும் கருவி) வாங்கினார். சிலிண்டரில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், வாயில் வைக்கும் செகண்ட் ஸ்டேஜ், அவசரத்துக்கு இன்னொரு செகண்ட் ஸ்டேஜான ஆக்டோபஸ், பிரஷர் கேஜ் நான்கும் சேர்ந்தது. பெயர் பெற்ற ஐரோப்பிய பிராண்டு, டீலர் சொன்ன விலையில் ஏறத்தாழ பாதி. விற்றவரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, "ஒரிஜினல் பீஸ் சார், எக்ஸ்போர்ட் ஸ்டாக், 2 வருஷம் வாரண்டி இருக்கு சார்" என்று பதில் வந்தது. பார்சல் பளபளவென்று வந்து சேர்ந்தது. பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்து, ஒரு மாதம் கழித்துப் பாண்டிச்சேரி போனபோதுதான் முதன்முதலாக சிலிண்டரில் மாட்டினார்.

வால்வைத் திறந்ததும் ஒன்றும் தெரியவில்லை. சில நிமிடங்களில் செகண்ட் ஸ்டேஜ் லேசாகச் சீற ஆரம்பித்தது. பிசிடி (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்று ஜாக்கெட்) ஹோஸில் ஒரு கேஜை மாட்டிப் பார்த்தால், இரண்டு ஸ்டேஜுக்கும் நடுவில் இருக்கும் இடைநிலை அழுத்தம் 9.5 பாரில் (பார் என்பது அழுத்த அளவு) தொடங்கி, நிற்காமல் 12-ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. சிலிண்டரில் இருக்கும் 200 பாரை ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் சுமார் 9, 10 பாருக்குக் குறைத்து, அதே இடத்தில் பிடித்து நிறுத்த வேண்டும். உள்ளே காற்றை அடைக்கும் ஹை பிரஷர் சீட் என்ற பாகம் தேய்ந்தோ, உப்பு ஏறியோ இருந்தால் காற்று கசிந்து அழுத்தம் மெல்ல ஏறும். அந்த ஏற்றம் செகண்ட் ஸ்டேஜைத் திறந்துவிடும். இதுவே 15 மீட்டர் ஆழத்தில் நடந்தால், சில நிமிடங்களில் சிலிண்டர் காலி.

டஸ்ட் கேப்பைக் கழற்றிப் பார்த்ததும் மிச்சமும் தெரிந்துவிட்டது. காற்று உள்ளே நுழையும் வாயில் வெண்கலத் துகள்களை இறுக்கிச் செய்த ஒரு சின்ன ஃபில்டர் இருக்கும். புதுசில் அது மங்கிய பொன் நிறத்தில், ஒரே சீராக இருக்கும். இதில் ஓரம் முழுக்கப் பச்சை. பச்சை என்றால் உப்புத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பு என்றால் இரும்பு சிலிண்டரின் துரு, கறுப்பு என்றால் கம்ப்ரஸரிலிருந்து வந்த எண்ணெய் அல்லது கரி. புதுசு என்று விற்ற பொருளுக்குப் பச்சை ஃபில்டர் எப்படி வரும்? பயன்படுத்திய செட்டைக் கழுவி, பாலிஷ் போட்டு, புதுப் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். ரெகுலேட்டரின் உடம்பில் சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ராவிய தடம் மட்டும் இருந்தது. நகத்தை வைத்துத் தேய்த்தால் அந்தப் பள்ளம் தட்டுப்படும்.

சீரியல் நம்பரை ராவுவதற்குக் காரணம் உண்டு. எந்தப் பெட்டி எந்த நாட்டு டீலருக்குப் போனது என்பது தயாரிப்பாளர் கணக்கில் அந்த எண்ணோடுதான் இருக்கிறது. விதியை மீறிப் பின்வாசலில் விற்ற டீலர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எண்ணை எடுத்துவிடுவார்கள். நஷ்டம் வாங்கியவருக்குத்தான். பெரிய பிராண்டுகள் பெரும்பாலும் அங்கீகரித்த டீலர் விற்றதற்கு மட்டுமே வாரண்டி தருகின்றன. விளம்பரத்தில் இருக்கும் "2 வருஷம்" விற்பவர் வாய்ச்சொல், தயாரிப்பாளர் கொடுத்த வாக்கு இல்லை. இதைவிடப் பெரிய ஆபத்து ரீகால். ஒரு பாகத்தில் பழுது இருப்பது தெரிந்தால், இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை உள்ளவற்றைத் திருப்பிக் கொண்டு வாருங்கள் என்று அறிவிப்பார்கள். எண்ணே இல்லாதவருக்கு அது தன் ரெகுலேட்டரைப் பற்றிய அறிவிப்பு என்று தெரிய வழியே இல்லை. சர்வீஸும் அப்படித்தான். சீட், ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஃபில்டர் எல்லாம் சேர்ந்த கிட் டீலர் வழியாகத்தான் வரும். கிட் கிடைக்காத ரெகுலேட்டர் முதல் சர்வீஸோடு அலமாரிக்குப் போய்விடும்.

நம் ஊரிலிருந்து வாங்குகிறவர் மாட்டிக்கொள்வது ரிட்டர்ன் நாட்களில்தான். அவை பெரும்பாலும் 7, அதிகம் போனால் 10. சுவாசிக்கும் தரத்தில் காற்று நிரப்பிய சிலிண்டரில் மாட்டிப் பார்க்க பெங்களூரு, சென்னை அல்லது பாண்டிச்சேரிக்குத்தான் போக வேண்டும். லீவு கிடைத்துப் போவதற்குள் ரிட்டர்ன் முடிந்திருக்கும். இது விற்பவருக்கும் நன்றாகத் தெரியும். அதனால் ஆன்லைனில் வாங்கித்தான் தீருவது என்றால், போக ஒரு தேதியை முடிவு செய்துகொண்டு அதற்கு இரண்டு நாள் முன்னால் பார்சல் வருகிற மாதிரி ஆர்டர் போடுங்கள்.

சிலிண்டர் இல்லாமல் அன்றைக்கே வீட்டில் பார்க்கக்கூடியவையும் உண்டு. பெட்டியைப் பிரிப்பதை வெட்டில்லாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். கூரியர் லேபிளிலிருந்து தொடங்கி ஃபில்டர், சீரியல் நம்பர் வரை அதில் வரட்டும். அடுத்து டஸ்ட் கேப்பை இறுக்கி மூடிவிட்டு, செகண்ட் ஸ்டேஜை வாயில் வைத்து மெதுவாக இழுங்கள். காற்று வரவே கூடாது, இழுத்த இழுப்பு அப்படியே நிற்க வேண்டும். வந்தால் டயாஃப்ரமோ (உள்ளே இருக்கும் ரப்பர் தகடு), எக்ஸாஸ்ட் வால்வோ (விட்ட மூச்சு வெளியேறும் வால்வு) சரியில்லை, தண்ணீருக்குள் அந்த வழியாக வாய்க்குத் தண்ணீர் வரும். ஆக்டோபஸையும் தனியாக இப்படிப் பாருங்கள். ரெகுலேட்டரின் உடம்பில் இஎன் 250 என்ற ஐரோப்பியத் தர எண்ணும், சிஇ என்ற ஐரோப்பிய முத்திரைக்குப் பக்கத்தில் 4 இலக்க எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். உயிர் காக்கும் கருவிகளுக்குச் சோதனை நிறுவனத்தின் அந்த 4 இலக்கம் கட்டாயம். போலிகளில் பெரும்பாலும் வெறும் சிஇ மட்டும் இருக்கும். இறக்குமதியான பொருள் என்றால் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்ட ஸ்டிக்கர் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் முறையான வழியில் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோஸை மடக்கி, முனையில் இருக்கும் ரப்பர் மூடியைத் தள்ளிவிட்டுப் பாருங்கள். வெடிப்பு அங்கேதான் ஆரம்பிக்கும். பின்னல் போட்ட மெல்லிய ஹோஸ் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அவற்றில் சில வகைகளில், வெப்பமும் ஈரமும் பட்டு உள்குழாய் சிதைந்து படிகம் மாதிரி கட்டி காற்றை அடைத்த சம்பவங்கள் உண்டு, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எத்தனை வருடம் எந்தக் கிடங்கின் சூட்டில் கிடந்தது என்று தெரியாத ஹோஸை மாற்றிவிடுவதே நல்லது. பிசிடி வாங்கியிருந்தால் வாயால் ஊதி விறைப்பாக்கி ராத்திரி முழுக்க விடுங்கள், காலையிலும் அதே விறைப்பு இருக்க வேண்டும். பிசிடிக்குள் காற்றை விடும் இன்ஃப்ளேட்டர் பட்டன் அழுத்தி விட்டதும் டக்கென்று மேலே வர வேண்டும். அது ஒட்டிக்கொண்டால் பிசிடி தானாக ஊதி, ஆளை மேலே தூக்கிக்கொண்டு போய்விடும்.

இங்கே சிலர் செய்கிற ஒரு காரியம் பயமாக இருக்கிறது. காற்று நிரப்ப பெங்களூரு வரை போக வேண்டாம் என்று ஓசூரில் தொழிற்சாலைகளுக்குச் சப்ளை செய்யும் கேஸ் ஏஜென்சியில் ஆக்சிஜன் நிரப்பிக் கேட்கிறார்கள், அல்லது பெயின்ட் கம்ப்ரஸரில் அடாப்டர் போடப் பார்க்கிறார்கள். டைவர் சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை, சாதாரணக் காற்று. சுத்த ஆக்சிஜன் 6 மீட்டருக்குக் கீழே விஷம். முன்னறிகுறி இல்லாமலே வலிப்பு வரலாம், வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவிவிடும். சாதாரண ரெகுலேட்டருக்குள் இருக்கும் சிலிக்கான் கிரீஸ், உயர் அழுத்த ஆக்சிஜன் பட்டால் வால்வைத் திறக்கும்போதே தீப்பிடிக்கலாம். பெயின்ட் கம்ப்ரஸரால் 200 பார் வரவே வராது, வருகிற காற்றிலும் எண்ணெய்ப் புகை இருக்கும். சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 12021 கார்பன் மோனாக்சைடுக்கு 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு), எண்ணெய்க்கு ஒரு கனமீட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. சிலிண்டரும் அப்படியே: இந்தியாவில் கேஸ் சிலிண்டர்ஸ் ரூல்ஸ் 2016-ன் கீழ் பெசோ (மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) ஒப்புதல் வேண்டும், சோதனைத் தேதி தோள்பட்டையில் குத்தியிருக்க வேண்டும். அது இல்லாத சிலிண்டரை ஒழுங்கான நிலையம் நிரப்பாது. சிலிண்டர் சொந்தமாக வாங்கவே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. டைவ் போகும் இடத்திலேயே வாடகைக்குக் கிடைக்கிறது.

கிணற்றுக்காரர்களுக்கு இப்போது. கைப்பம்போடு விற்கும் அரை லிட்டர் குட்டி சிலிண்டருக்கு "10 நிமிடம் தண்ணீருக்குள்" என்று விளம்பரம் போடுகிறார்கள். கணக்கு இதுதான்: 0.5 லிட்டரை 200 பாரில் நிரப்பினால் 100 லிட்டர் காற்று. அமைதியாக இருப்பவருக்கு மேலே நிமிடத்துக்கு சுமார் 20 லிட்டர் வேண்டும். 40 அடி தண்ணீருக்குக் கீழே அழுத்தம் 2.2 மடங்கு, செலவும் அத்தனை மடங்கு, 44 லிட்டர். இரண்டே கால் நிமிடத்தில் முடிந்தது. கயிறு கட்டவும் பைப்பை விடுவிக்கவும் மூச்சு வாங்க வேலை செய்கிறவருக்கு ஒன்றரை நிமிடம் கூட வராது. காற்று தீர்ந்ததும் பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வார்கள். அழுத்தக் காற்றைச் சுவாசித்துவிட்டு மூச்சை அடக்கி ஏறினால் அந்தக் காற்று நுரையீரலுக்குள்ளேயே விரிந்து கிழித்துவிடும். இதற்கு ஆழம் வேண்டியதில்லை, 4, 5 அடியே போதும். கலங்கிய தண்ணீர், தொங்கும் கேபிள், பாழ் கிணறு என்றால் தண்ணீருக்கு மேலேயே கெட்ட காற்று. பயிற்சி இல்லாதவர் இறங்கவே கூடாத இடம் இது. மெயினை அணைத்துவிட்டு, வேறு மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்து மட்டத்தைக் குறையுங்கள். பாதாளக் கரண்டி போட்டுக் கயிற்றைப் பிடித்து, செயின் பிளாக்கில் தூக்குங்கள். வாடகை அந்தக் குட்டி சிலிண்டரின் விலையை எட்டாது.

டீலரிடம் போனாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். பிராண்டின் சொந்த இணையதளத்தில் இருக்கும் டீலர் பட்டியலில் அந்தக் கடையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் உள்ள டீலர் தன் தளத்தில் விற்றால், அதை ஆன்லைனில் வாங்குவதில் தப்பே இல்லை. ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர்களை எழுதச் சொல்லுங்கள். உங்கள் கண் முன்னால் சிலிண்டரில் மாட்டி, இடைநிலை அழுத்தம் ஒரே எண்ணில் நிற்கிறதா என்று 10 நிமிடம் காட்டச் சொல்லுங்கள். சிலிண்டரில் மாட்டும் முனை யோக் வகையா, டின் வகையா என்று நீங்கள் டைவ் போகும் இடத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் வைத்து எவ்வளவு நேரம் பத்திரமாக இருக்கலாம் என்று கணக்குப் போடும் கருவி) என்ற பெயரில் ஆழம் மட்டும் காட்டும் கைக்கடிகாரம் விற்கிறார்கள், கவனம். நமக்கு இது முக்கியம்: கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள நீரில் இறங்கினால் உயர்நிலக் கணக்கு (உயரத்துக்கு ஏற்பத் திருத்திய டைவ் கணக்கு) போட வேண்டும், கிருஷ்ணகிரியே 500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. ஓசூர் 900-க்குப் பக்கம். கடலில் டைவ் முடித்துவிட்டு ஓசூர் திரும்புகிறவர்கள், கடைசி டைவுக்குப் பிறகு விமானம் ஏறும் முன் காத்திருக்கச் சொல்லும் இடைவெளியையே வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18.

ஃபின், ஸ்நார்க்கல், வலைப்பை எல்லாம் எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். மாஸ்க்கை மட்டும் முகத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். ஸ்ட்ராப் போடாமல் மூக்கால் இழுத்தால் ஒட்டி நிற்க வேண்டும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் செட்டைப் பிரிக்காதீர்கள், பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். அங்கீகரித்த சர்வீஸ் ஆளிடம் கொடுத்து, என்ன பழுது என்று எழுத்தில் வாங்குங்கள். ஷாப்பிங் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். தளத்துக்கு வெளியே யுபிஐயில் அனுப்பிய பணம் என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.