கோவைப் புறநகர் மூளைக்காய மறுவாழ்வு மையம்: நோயாளியின் உறவினர் எழுதும் மதிப்புரை

பல்லடம் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் என் அக்காவின் கணவர், இருசக்கர வாகன விபத்தில் தலையில் பலத்த அடிபட்டு, அறுவை சிகிச்சைக்குப் பின்னும் நினைவு திரும்பாமல், தொண்டையில் துளையும் மூக்கில் உணவுக் குழாயுமாக இந்த மையத்தில் சேர்க்கப்பட்டார். பிற மையங்களை எடைபோடுவோருக்கும் பயன்பட வேண்டும் என்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

இங்கே முதன்மையாகப் பாராட்ட வேண்டியது பரிசோதனை முறை. கண் திறந்திருந்தும் ஆளை அறியாத தாவர நிலை என்று எழுதி அனுப்பப்பட்டவரை, அந்த முடிவை அப்படியே ஏற்காமல், கேட்டல், பார்வை, அசைவு, வாயசைவு, தொடர்பாடல், விழிப்பு ஆகிய ஆறையும் 23 மதிப்பெண்ணுக்கு அளக்கும் அளவுகோலால், வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு நேரங்களில் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். படுக்கையருகே பார்த்துத் தாவர நிலை என முடிவுகட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ 41 சதவீதத்தினருக்கு இதே அளவுகோல் உணர்வின் அறிகுறிகளைக் காட்டியதாக 2009இல் ஓர் ஆய்வு வெளியானதை அறிந்தவர்களுக்கு, ஒரே ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது எவ்வளவு ஆபத்தானது என்று விளங்கும். டார்ச் வெளிச்சத்தைப் பின்தொடராத மச்சானின் கண்கள், நிமிர்த்தி உட்காரவைத்து முகம் பார்க்கும் கண்ணாடியை மெல்ல நகர்த்தியபோது அதனோடு நகர்ந்தன. சிறிதளவு உணர்வு விட்டுவிட்டுத் தென்படும் குறை உணர்வு நிலை என்று அன்று பதிவு மாறியது.

மருத்துவர் ஆசை காட்டுவதில்லை. அமெரிக்காவின் டெர்ரி வாலிஸ் 1984இல் விபத்துக்குள்ளாகி, உணர்வு குன்றிக் கிடந்து, 2003இல் பேசிய கதையை எங்கள் பங்காளிகள் வாட்ஸ்அப்பில் அனுப்பாத நாளில்லை. அவர் பேசத் தொடங்கிய பின்னும் பிறர் உதவியோடுதான் வாழ்ந்தார் என்பதை மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். விழிப்பைத் தூண்டக் கொடுக்கும் அமான்டடின் மாத்திரையைத் தொடங்குமுன், இத்தகைய நோயாளிகள் 184 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில் நான்கு வாரம் கொடுத்தவரை முன்னேற்றம் விரைவாகவும், நிறுத்தியபின் மந்தமாகவும் இருந்ததையும் மறைக்கவில்லை.

குறைகள் சிறியவையல்ல. “ஏனுங்க மாமா, கையை அழுத்துங்க பாக்கலாம்” என்று அக்கா சொன்னால் அசைந்த விரல்கள் செவிலியர் சொல்லுக்கு அசையவில்லை. அப்படியிருந்தும் உறவினருக்கு மாலையில் ஒரு மணி நேரமே அனுமதி என்பது வைத்தியத்துக்கே முரணானது. மணமும் ஒலியும் காட்டி உணர்வைத் தூண்டும் பயிற்சிக்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள்; அதற்குரிய ஆதாரம் வலுவற்றது என்பதால், அந்தப் பணத்தைப் பிசியோதெரபிக்குச் செலவிடுவதே மேல் என்பது என் கருத்து. இரவில் புரட்டிப் படுக்கவைப்பதில் காட்டிய மெத்தனத்தால் முதுகின் கீழே புண் வந்தது. புகார் செய்தபின் சரியானது.

மச்சான் இப்போது வீட்டில், சொன்னால் கட்டைவிரலை உயர்த்துகிறார். பேச்சு இன்னும் வரவில்லை. சேர்க்க நினைப்பவர்கள் ஒவ்வொரு சோதனையின் மதிப்பெண் தாளுக்கும் நகல் கேளுங்கள். கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் அது கோப்பிலேயே கிடக்கும்.