மகிவாராவும் மெத்தையும்: டர்பன் ஈரக்காற்றில் பல ஆண்டுப் பயன்பாடு

டர்பனில் வீட்டு முற்றத்திலும் கராஜிலும் கராத்தே பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்பது ஒன்றுண்டு: மகிவாரா (குத்திப் பழக நடும் பலகைக் கம்பம்) நடலாமா, அதே பணத்தில் மெத்தை போட்டு ஜூடோவோ ஜியு-ஜிட்சுவோ சேர்த்துக்கொள்ளலாமா? இரண்டையும் ஒரே குழு பல ஆண்டுகள் பயன்படுத்தியதில் தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மணிக்கட்டையும் இடுப்பையும் சரிசெய்வதில் மகிவாராவுக்கு இணையான கருவி இல்லை. ஆனால் அது வளர்க்கும் குத்தின் பெரும்பகுதி, எதிராளி நம் சட்டைக் கையைப் பிடித்த கணத்தில் செயலற்றுப் போகும். அதைத் திரும்பப் பெறும் பயிற்சி மெத்தையில்தான் கிடைக்கிறது.

முதலில் மரம். இங்கே மரக்கடைகளில் எளிதாகக் கிடைப்பவை பைனும் சலிக்னா என்ற யூகலிப்டஸ் மரமும். பைன் மலிவு, ஆனால் கணு நிறைய இருக்கும். கீழ்ப் பாதியில் ஒரு கணு இருந்தாலும் பலகை ஒருநாள் அங்கேதான் முறியும். சலிக்னா கெட்டி, நன்றாக வளைந்து மீளும். காயும்போது நீளவாக்கில் பிளக்கும் குணம் அதற்கு உண்டு. கட்டுப்படியானால் ஆஷ் மரம் எல்லாவற்றிலும் மேல். எதை வாங்கினாலும் பக்கவாட்டில் திருப்பி நார் ஓட்டத்தைப் பாருங்கள். அது அடியிலிருந்து நுனிவரை நேராக ஓடவேண்டும். நடுவில் ஓரத்தை நோக்கிச் சாய்ந்து வெளியேறினால், சில மாதங்களில் அந்த இடத்தில் சிம்பு பெயரும்.

அளவு: மொத்த நீளம் 2 மீட்டர், மண்ணுக்குள் 70 செ.மீ, வெளியே 1.3 மீட்டர். அகலம் 90 மி.மீ. தடிமன் தரைமட்டத்தில் 70 முதல் 75 மி.மீ, உச்சியில் 15 முதல் 18 மி.மீ. சீவுவதெல்லாம் பின்பக்கத்தில், குத்து விழும் முகத்தைத் தட்டையாகவே விட்டுவிடவேண்டும். உச்சியில் முஷ்டியை வைத்து உடல் எடையைச் சாய்த்தால் 5 முதல் 8 செ.மீ பின்னே போகவேண்டும். அதற்குக் குறைந்தால் பின்புறத்தை 2 மி.மீ இழைத்து மறுபடி சோதியுங்கள். ஒரேயடியாக இழைத்து மெலிந்துபோன கம்பத்தைத் தடிப்பாக்க வழியில்லை. நடும்போது உச்சி நம்மை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கட்டும். குத்து அழுந்தும்போது பலகை செங்குத்தாக நிற்கும், முட்டிகள் வழுக்காது.

டர்பனின் பல பகுதிகளில் இருப்பது பெரியா (Berea) எனப்படும் செம்மணல். அது கம்பத்தை இறுகப் பிடிப்பதில்லை. குத்தும்போது தரைக்கு மேலுள்ள பகுதி பின்னே போகும், மண்ணுக்குள் இருக்கும் அடிப்பகுதி முன்னே வரும். ஆகவே இரண்டு குறுக்குக் கட்டைகள் வேண்டும்: தரைக்குச் சற்றுக் கீழே பின்புறம் ஒன்று, அடியில் முன்புறம் ஒன்று. குழியின் அடியில் 10 செ.மீ சரளைக்கல் போட்டால் தண்ணீர் இறங்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மி.மீ மழை, அதிலும் பெரும்பங்கு கோடையில் பெய்யும் ஊர் இது. கம்பம் உளுப்பது எப்போதும் தரைமட்டத்துக்கு ஒரு சாண் மேலும் கீழுமாகத்தான். கறையானும் அங்கேதான் ஏறும்.

இதற்காகப் பச்சை மருந்து ஏற்றிய H4 வகைப் பைனை அப்படியே நட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்த மருந்தில் ஆர்செனிக் இருக்கிறது. தோல் உரிந்த முட்டிகள் திரும்பத் திரும்பப் படும் பலகையாக அதை வைப்பது சரியில்லை. அதன் துண்டுகளை பிராய் (இறைச்சி வாட்டும்) அடுப்பில் போடவே கூடாது. சாம்பலும் புகையும் நஞ்சு. நீண்டகாலப் பயன்பாட்டில் நிலைத்த ஏற்பாடு வேறு: துத்தநாகம் பூசிய இரும்புச் சேனலைக் கான்கிரீட்டில் இறக்கி, மருந்தேற்றாத பலகையை M12 போல்ட் கொண்டு அதில் முடுக்குவது. பலகை உளுத்தால் பலகையை மட்டும் மாற்றலாம். மெர்பேங்க், இசிப்பிங்கோ போலக் கடலோரமாக இருந்தால் போல்ட்டுகளுக்கு கிரீஸ் தடவிவையுங்கள், உப்புக்காற்று விடாது. பலகையைக் கழற்றி ஜோஹன்னஸ்பர்க்குக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு சொல்: டர்பனில் ஈரம் குடித்த மரம் அங்கே ஜூன், ஜூலை வறட்சியில் பிளக்கும். போவதற்கு முன்பே நுனிகளில் மெழுகோ வார்னிஷோ பூசிவிடவேண்டும்.

குத்து விழும் இடத்தில் சுற்றும் பட்டைக்கு இங்கே வைக்கோல் தேடி அலையவேண்டாம். 6 மி.மீ கற்றாழை நார்க்கயிற்றைக் காய்ந்த நிலையில் இறுக்கி 30 செ.மீ உயரத்துக்குச் சுற்றினால் போதும். அடியில் 10 மி.மீ கெட்டி ரப்பர். நனைத்துச் சுற்றினால் காய்ந்தபின் தளர்ந்து, சுற்றுகளுக்கிடையே தோல் சிக்கிக் கிழியும். தேங்காய்நார்க் கயிறு முட்டியை அரத்தைப்போல் ராவிவிடும், அதைத் தவிருங்கள். மேலே ஆளுக்கொரு கான்வாஸ் உறை இருக்கட்டும். ரத்தக்கறை பட்ட உறையில் இன்னொருவர் கை படக்கூடாது.

குத்தும் முறைக்கு வருவோம். சுட்டுவிரல், நடுவிரல் முட்டிகள் இரண்டும் முன்கை எலும்பின் நேர்கோட்டில் விழவேண்டும். முழங்கை முஷ்டிக்கு நேர் பின்னால், தோள் தாழ்ந்து, பின்கால் குதி தரையில். கை முழுதும் நீள்வதற்கு முன்பே தொட்டு, மிச்ச நீளத்தில் பலகையை 5 செ.மீ அழுத்தி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு விடவேண்டும். தட்டிவிட்டுக் கையை இழுத்தால் பலகை படபடவென்று ஆடும். அழுத்தி நிறுத்தியவருக்கு அது அடங்கி நிற்கும். ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோது இந்த ஆட்டம்தான் ஆசிரியர்.

கெடுவது எங்கே? மணிக்கட்டு கீழே மடங்கினால் கையின் மேற்புறத்தில் வலிக்கும். முஷ்டி சரிந்து சுண்டுவிரல் பக்கம் விழுந்தால் நான்காம், ஐந்தாம் உள்ளங்கை எலும்புகளின் கழுத்து முறியும். 'குத்துச்சண்டைக்காரர் முறிவு' என்று மருத்துவர்கள் சொல்வது அதைத்தான். தோள் தூக்கினால் அதிர்ச்சி கழுத்துக்குத் திரும்பும். முதல் மாதம் வாரம் மூன்று நாள், கைக்கு 15 முதல் 20 குத்து, பாதி வலிமையில். மூன்றாம் மாதத்தில் 50 வரை போகலாம். மறுநாள் காலை முட்டி வீங்கியிருந்தாலோ விரல் மரத்தாலோ அது ஆறும்வரை கம்பத்தைத் தொடவேண்டாம். பதினாறு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளைக் கம்பத்தில் அடிக்கவிடாதீர்கள்; எலும்பின் வளர்தட்டு இன்னும் மூடியிருக்காது. புடைத்த முட்டியைப் பதக்கமாகக் காட்டும் பழக்கத்தால் எந்த நன்மையும் இல்லை. குத்து வலுப்பது எலும்புகள் ஒரே கோட்டில் நிற்பதால்தான்.

இனி மல்லுக்கட்டு. தேர்ந்தவரின் நேர்குத்து ஏறத்தாழ நொடிக்கு 7 முதல் 10 மீட்டர் வேகத்தில் போகும். அந்த வேகம் உச்சத்தைத் தொடுவது கை முக்கால்வாசி நீண்ட இடத்தில். இந்த ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டால் கராத்தேக்கும் பிடிச்சண்டைக்கும் நடுவிலுள்ள வழக்கு பாதி தீர்ந்துவிடும். ஜூடோக்காரர் முழங்கையருகே சட்டையைப் பிடித்துவிட்டால் கை பாதிகூட நீளாது. இடுப்பும் சுழலாது, ஏனெனில் அவர் நம் தோளைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறார். மகிவாராவில் பல்லாயிரம் தடவை பழகிய குத்து அங்கே வெறும் தள்ளலாகிவிடுகிறது. குத்துகிறவர் பலவீனரானதால் வந்ததன்று இது. கம்பம் ஒருபோதும் அவரைப் பிடித்ததில்லை, அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்காவில் ஷோட்டோகான் என்ற கராத்தே முறை ஆழ வேரூன்றியது. ஸ்டான் ஷ்மிட் போன்றவர்கள் 1960களில் ஜப்பானுக்குப் போய்க் கற்றுவந்து பரப்பியது. அதன் நீண்ட, தாழ்ந்த முன்நிலையில் எடையின் 60 விழுக்காட்டுக்கு மேல் முன்காலில் நிற்கும். காலை வாரிப் பிடிக்க வருகிறவருக்கு இதைவிட வசதி வேறில்லை. எடை ஏறிய காலை நம்மால் உடனே பின்னே எடுக்க முடியாது. மல்லரோடு பழகும் நாளில் நிலையை ஒரு பாதம் சுருக்கி, எடையைச் சமமாகப் பிரித்து வைப்பது நல்லது. முன்னுதையில் உயரத்தைவிடத் திரும்பும் வேகம் முக்கியம். உதைத்த கால் முழங்கால் மடங்கித் திரும்பாவிட்டால் அது அவர் கைக்குப் போய்விடும். தொடைக்கு மேல் உதைக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

இன்னொன்று, கைகளைக் காப்பாற்றுவது. இரு கால்களையும் பிடிக்கத் தாழ்ந்து பாய்கிறவரின் தலை நம் இடுப்பு உயரத்தில் இருக்கும். மார்பு உயரத்தில் போகும் குத்து அவர் முதுகுக்கு மேலே காற்றில் போகும். பட்டாலும் மண்டையின் உச்சியில் படும். வெறுங்கை முஷ்டி மண்டையோட்டில் மோதினால் முறிவது பெரும்பாலும் கைதான். எனவே தலைக்கு உள்ளங்கையின் அடிப்பகுதி, உடலுக்கு முஷ்டி என்று பிரித்துப் பழகவேண்டும். மகிவாரா அடிகளில் மூன்றில் ஒரு பங்கை உள்ளங்கை அடிக்கும் முழங்கைக்கும், இடுப்பருகிலிருந்து ஒரு சாண் தூரமே போகும் குறுங்குத்துக்கும் ஒதுக்குங்கள். பெரும்பாலான பயிற்சிக்கூடங்களில் இந்தப் பங்கு வெறும் பூச்சியம், அது வருத்தம் தருகிறது. கட்டாக்களில் (அசைவுகளை வரிசையாகச் செய்யும் கராத்தே வடிவங்களில்) இவை எல்லாம் இருக்கின்றன. 1922இல் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ, கொடோகான் என்ற தன் பயிற்சிக்கூடத்தில் கராத்தே காட்டச் சொல்லி, ஷோட்டோகானின் முதல் ஆசான் ஃபுனகோஷி கிச்சினை அழைத்தார். ஃபுனகோஷியும் எறிமுறைகளைக் கற்பித்தவர்தான். 1993இல், பல சண்டைமுறைக்காரர்கள் மோதும் யுஎஃப்சி போட்டியின் முதல் நிகழ்வில் ஜியு-ஜிட்சுக்காரர் ராய்ஸ் கிரேஸி பிடித்துச் சாய்த்தே வென்றதும் உண்மை; 2009இல் ஷோட்டோகான்காரர் லியோட்டோ மச்சிடா அங்கேயே பட்டம் வென்றதும் உண்மை. மச்சிடாவுக்கு ஜியு-ஜிட்சுவும் தெரியும், பிடிபடாத தூரமும் தெரியும்.

இரண்டையும் இணைத்த பயிற்சிகளில் பலன் தந்தது இது. மெத்தையில் 2 நிமிடம் பிடிக்காகப் போராட்டம்: சட்டைக் கை, கழுத்துப்பட்டி, எறிதல் இல்லை. உடனே எழுந்து கம்பத்தில் பாதி வலிமையில் கைக்கு 10 குத்து. முன்கை இறுகிப்போயிருப்பதால் எவ்வளவு தேர்ந்தவருக்கும் மணிக்கட்டு தளரும். அதைக் கவனித்து நேராக்குவதே நோக்கம், எனவே வலிமையைக் கூட்டவேண்டாம். இப்படி நான்கு சுற்று, வாரம் ஒரு நாள். அடுத்தது, 2 மீட்டரிலிருந்து மல்லர் காலை நோக்கிப் பாய, கராத்தேக்காரர் பக்கவாட்டில் ஓரடி விலகி, முன்கையை அவர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே வைத்து, இடுப்பைப் பின்னே எறிவது. அடி அதற்குப் பிறகுதான். மூன்றாவது, கராத்தேயில் இடுப்புக்கு இழுத்துவைக்கும் மறுகை. காற்றில் இழுத்தால் அது அழகுக்கு மட்டும். எதிராளியின் சட்டைக் கையைப் பற்றி இழுத்தால் அவர் சமநிலை குலைந்து நம் குத்தை நோக்கி வருவார். பிடிபட்டதில் இழந்த கோணம் திரும்பக் கிடைக்கும். ஜூடோக்காரர்கள் இதை முதல் வாரத்திலேயே கையில் பிடித்துக் காட்டுவார்கள்.

உடுப்பைப் பற்றி: கராத்தே உடுப்பு பிடிக்குத் தாங்காது. 8 அவுன்ஸ் துணி அக்குளிலும் தோள் தையலிலும் சீக்கிரமே கிழியும். 14 அவுன்ஸும் ஓரளவுக்குத்தான். சதுர மீட்டருக்கு 550 கிராம் ஜூடோ மேற்சட்டை ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். டர்பன் பிப்ரவரியில் அது ஒருநாளில் காயாது, இரண்டு இருந்தால் நல்லது.

மெத்தை 20 மி.மீ என்றால் காலடிப் பயிற்சிக்கு மட்டும். கான்கிரீட்டின்மேல் எறிய 40 மி.மீ வேண்டும். பல்கோத்த துண்டுகள் எறிதலில் விலகி, இடுக்கில் கால்விரல் சிக்கும். சுற்றிலும் 38×76 மி.மீ பைன் சட்டம் அடித்தால் விலகாது. வாரம் ஒருமுறை எல்லாத் துண்டுகளையும் சுவரில் சாய்த்து அடிப்பக்கத்தை உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். படர்தாமரை தோலோடு தோல் உரசுவதால் பரவும், மெத்தை வழியாகவும் பரவும். ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் ஒரு லிட்டர் தண்ணீரில் 30 மி.லி ஜிக் (ப்ளீச்) கலந்து துடைத்து, 10 நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் மறுபடி துடையுங்கள். வினிகரையோ அம்மோனியா கலந்த துப்புரவு மருந்தையோ அதோடு சேர்க்கக் கூடாது. தைப்பூசத்தில் அலகு குத்திக் காவடி எடுத்தவர்களும் தீமிதித்தவர்களும், துளையோ கொப்புளமோ முழுதும் மூடும்வரை மெத்தைக்கு வரவேண்டாம். கம்பத்தருகே குத்துப் பயிற்சியைத் தொடரலாம்.

தொங்கும் மணல்மூட்டை பற்றியும் கேட்பார்கள். 30, 40 கிலோ மூட்டை தூரத்தையும் காலடியையும் கற்றுத்தரும். மணிக்கட்டுப் பிழையை மன்னித்துவிடும். இடமிருந்தால் வையுங்கள். இடமும் பணமும் குறைவாயிருந்தால் முதலில் மெத்தை வாங்குங்கள். விழப் பழகாத கராத்தேக்காரரைச் சிமென்ட் தரையில் ஒருவர் தூக்கிப்போட்டால் எந்தக் குத்தும் உதவாது. தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையை உடலிலிருந்து 45 பாகைக்குள் வைத்து அறைந்து விழ ஆறு வாரம் பழகினால் போதும். அதற்குள் பலகையை வாங்கி நிழலில் காயவிடுங்கள். மெத்தை வகுப்பு தடையின்றி ஓடத் தொடங்கும் நேரத்தில் அது இழைக்கத் தயாராயிருக்கும்.