சுங்குடிக் கடைத் தளத்துக்கு வேர்ட்பிரஸ்ஸா, ட்ரூபலா?

ரெண்டுமே இணையதளம் கட்டி நடத்த உதவும் மென்பொருள். ரெண்டும் இலவசம், ரெண்டும் திறமூலம் (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்). வளர்ந்த மண்தான் வேறு. 2003-ல் வந்த வேர்ட்பிரஸ்ஸில் அமெரிக்க வாசனை தூக்கல்: யாரையும் கேட்காமல் உடனே கடை விரிக்கலாம். இன்னொரு மொழி வேண்டுமென்றால் தனி பிளக்இன் (கூடுதலாகச் சேர்க்கும் துணை நிரல்) தேடணும்.

2001-ல் ட்ரூபலை வெளியிட்ட ட்ரீஸ் பாய்டார்ட் பெல்ஜியக்காரர். அந்த நாட்டுக்கு ஆட்சிமொழியே மூன்று. 2015-ல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து பன்மொழி வசதி உள்ளேயே இருக்கிறது. சேலைப் பெயர், முடிச்சு வேலை பற்றிய குறிப்பு, மெனு என ஒவ்வொன்றையும் தமிழ், ஆங்கிலம், சௌராஷ்டிரம் மூன்றிலும் நிரப்பலாம். இந்தப் பன்மொழி வசதியை உருவாக்கும் வேலையை முன்நின்று நடத்தியவர் ஹங்கேரிக்காரர். ஆகவே பெருமை முழுவதும் பெல்ஜியத்துக்குப் போகாது.

மதுரை விளக்குத்தூண் பக்கத்துக் கடைக்கார அண்ணாச்சி தானே படம் ஏற்றுவார் என்றால் வேர்ட்பிரஸ் போதும். மூன்று மொழியும் வேண்டும், பராமரிக்க ஆளும் உண்டு என்றால் என் ஓட்டு ட்ரூபலுக்கு.