திறந்தமூல மென்பொருளுடன் மலிவு ரவுட்டர்: கொழும்பில் விற்பதற்கு எந்த வழி உகந்தது?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களிலோ ரவுட்டர் வாங்கச் செல்பவர்கள் பெட்டியில் அச்சிட்ட வேகத்தையும் அன்டெனாக்களின் எண்ணிக்கையையும் விலையையும் பார்த்தே தெரிவு செய்கிறார்கள். உள்ளே இயங்கும் மென்பொருளுக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்பதைப் பெட்டி சொல்வதில்லை. தொழிற்சாலை மென்பொருளை நீக்கிவிட்டு, லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இலவசத் திறந்தமூல ரவுட்டர் மென்பொருளான ஓப்பன் டபிள்யூஆர்டியை நிறுவி விற்பது இந்தக் குறையைத் தீர்க்க வல்ல சிறு தொழில். அதற்கு மூன்று வழிகள் உள்ளன: உள்ளூர்ச் சந்தையில் கிடைக்கும் மலிவான ரவுட்டரை வாங்கி நாமே மாற்றி விற்பது, திறந்தமூல மென்பொருளுடனேயே தொழிற்சாலையிலிருந்து வரும் ஜிஎல்-ஐநெட் நிறுவனத்தின் ரவுட்டர்கள் போன்றவற்றை இறக்குமதி செய்வது, ஓப்பன் டபிள்யூஆர்டி திட்டமே வடிவமைத்த ஓப்பன் டபிள்யூஆர்டி ஒன் சாதனத்தை விற்பது. விற்ற பின்னர் அந்தச் சாதனத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை முன்வைத்தே இம்மூன்றையும் எடைபோடுகிறேன்.

முதல் வழி எல்லாவற்றிலும் பழையது. லிங்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரில் லினக்ஸ் இயங்குவது தெரியவந்து, மென்பொருளை விநியோகிப்பவர் மூலநிரலையும் தர வேண்டும் என்ற ஜிபிஎல் உரிமத்தின்படி அதன் மூலநிரல் 2003இல் வெளியிடப்பட்டது. அதிலிருந்தே 2004இல் ஓப்பன் டபிள்யூஆர்டி பிறந்தது. இன்றும் முதலீடு குறைவான ஒருவருக்கு இவ்வழியே எட்டக்கூடியது. ஐந்து ரவுட்டர்களை வாங்கி, ஒரு மாலைப்பொழுதில் மாற்றி, மறுநாளே விற்பனைக்கு வைக்கலாம்.

ஆனால் இங்கே பெயரை நம்பி வாங்குபவர் ஏமாந்துபோவார். டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் இதற்குத் தகுந்த எடுத்துக்காட்டு. அதன் 13ஆம் வன்பொருள் பதிப்பில் 8 எம்பி ஃபிளாஷும் (மென்பொருளைச் சேமிக்கும் இடம்) 64 எம்பி ராமும் (இயங்கும்போது பயன்படும் நினைவகம்) இருந்தன. அதற்குப் பின்வந்த 14ஆம் பதிப்போ 4 எம்பி, 32 எம்பி என்று பாதியாகச் சுருங்கியது. முன்பக்கத்தைப் பார்த்து இரண்டையும் வேறுபடுத்த முடியாது. அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள பதிப்பு எண் ஒன்றே அடையாளம். 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ராமும் கொண்ட சாதனங்களுக்கு ஓப்பன் டபிள்யூஆர்டியின் 19.07 என்ற பதிப்பு வரிசையே கடைசி. அவ்வரிசைக்கான திருத்தங்களும் 2022இல் நின்றுவிட்டன. அத்தகைய ரவுட்டரில் பழைய பதிப்பை ஏற்றி, திறந்தமூலம் ஆகவே பாதுகாப்பானது என்று சொல்லி விற்பது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். 16 எம்பி ஃபிளாஷும் 128 எம்பி ராமும் இல்லாத எதையும் இத்தொழிலுக்காக வாங்கக் கூடாது.

மாற்றும் முறையும் மாதிரிக்கு மாதிரி வேறுபடும். டிபி-லிங்கின் பல பழைய மாதிரிகளில் ரவுட்டரின் நிர்வாக இணையப் பக்கம் வழியாகவே புதிய மென்பொருள் கோப்பினை ஏற்றலாம். பிழைத்தால் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்து, 192.168.0.66 என்ற முகவரியிலுள்ள கணினியிலிருந்து ரவுட்டரே அக்கோப்பினை இழுத்துக்கொள்ளச் செய்து மீட்டுவிடலாம். ஷவ்மியின் 4ஏ கிகாபிட் மாதிரியோ மலிவானது, கிகாபிட் வேகக் கேபிள் துறைகள் (போர்ட்கள்) கொண்டது, எனினும் அதன் மென்பொருளிலுள்ள ஓட்டையொன்றைப் பயன்படுத்தியே திறக்க வேண்டும். இடையில் மின்சாரம் போனால் மூடியைக் கழற்றி, ஃபிளாஷ் சில்லைத் தனிக் கருவியால் எழுத வேண்டிவரலாம். ஒரு ரவுட்டரில் கிடைக்கும் இலாபம் சிறிதாக இருக்கும்போது, பத்தில் ஒன்று மேசையிலேயே செயலிழந்தால் கணக்குத் தவறிவிடும்.

மற்றொரு பொறுப்பும் விற்பவரையே சாரும். ஓப்பன் டபிள்யூஆர்டி புதிதாக நிறுவப்பட்டதும் பொதுவாக வைஃபை அணைந்திருக்கும், நிர்வாகக் கடவுச்சொல்லும் இருக்காது. வெள்ளவத்தையில் எங்கள் உறவினர் வீட்டில் நான் பார்த்த ரவுட்டரை ஒரு கடையில் இப்படி மாற்றிக் கொடுத்திருந்தார்கள். வைஃபையை இயக்கியிருந்தார்கள், நிர்வாகக் கடவுச்சொல்லை வெறுமையாகவே விட்டிருந்தார்கள். வீட்டுக்கு வரும் எந்த விருந்தாளியும் முழு ரவுட்டரையும் தன் கைக்குள் கொண்டுவந்திருக்க முடியும். ஒவ்வொரு சாதனத்துக்கும் வெவ்வேறு கடவுச்சொல் வைத்து, அதை அச்சிட்டு அடியில் ஒட்டி, வைஃபை அமைப்பில் நாட்டுக் குறியீட்டை இலங்கை என்று மாற்றிக் கொடுப்பது இத்தொழிலின் முதல் ஒழுக்கம்.

இரண்டாம் வழியில் இந்தச் சிரமங்கள் பெரும்பாலும் இல்லை. ஜிஎல்-ஐநெட் சாதனங்கள் ஓப்பன் டபிள்யூஆர்டியின் மேல் எளிமையான தங்கள் இடைமுகத்தை வைத்து வருகின்றன. அவற்றில் மலிவான மாங்கோ என்னும் சிறு ரவுட்டர் 128 எம்பி ராமும் 16 எம்பி ஃபிளாஷும் கொண்டது, யூஎஸ்பி வழியே 5 வோல்ட்டில் இயங்குவது. நீண்ட மின்வெட்டுகள் நிலவிய 2022ஐ நினைவில் வைத்திருக்கும் குடும்பத்துக்குக் கைப்பேசியின் பவர் பேங்கிலேயே ரவுட்டரை இயக்கலாம் என்பது பெரிய வாய்ப்பு. ஆனால் அது 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை மட்டும் கொண்டது, துறைகளும் 100 எம்பிபிஎஸ்தான். ஆகவே வேகமான ஒளியிழை இணைப்புள்ள வீட்டுக்குப் பொருந்தாது. அதைவிட உயர்ந்த எம்டி3000 வலுவான சாதனம், எனினும் அதற்குத் தயாரிப்பாளர் தரும் மென்பொருள் சில்லு நிறுவனத்தின் இயக்கிகளுடன் 21.02 என்ற பழைய வரிசையின் மேல் கட்டப்பட்டது. தயாரிப்பாளர் திருத்தங்கள் வெளியிடுகிறார் என்றாலும், அவரை நம்பியிருக்கும் நிலை இங்கே மீண்டும் வந்துவிடுகிறது. நல்வாய்ப்பாக, அதே சாதனத்தை ஓப்பன் டபிள்யூஆர்டி திட்டமும் நேரடியாக ஆதரிப்பதால், பிற்காலத்தில் மாறிக்கொள்ளும் கதவு திறந்தே இருக்கிறது.

மூன்றாவது, 2024 நவம்பரில் வெளிவந்த ஓப்பன் டபிள்யூஆர்டி ஒன். 1 ஜிபி ராம், 256 எம்பி ஃபிளாஷ், வைஃபை 6 ஆகியவற்றோடு, எழுதவியலாதபடி பூட்டக்கூடிய தனி மீட்பு ஃபிளாஷும் இருப்பதால் அதைச் செயலிழக்கச் செய்வது கடினம். விற்பனையாகும் ஒவ்வொன்றிலும் 10 டொலர் திட்டத்தின் நிதிக்குச் செல்வதும் எனக்கு உவப்பானது. ஆயினும் வெளிக்கூட்டோடு 89 டொலர் என்ற வெளியீட்டு விலையுடன் கப்பல் செலவையும் வரியையும் கூட்டினால் அது மலிவு ரவுட்டர் என்ற சொல்லுக்குள் அடங்காது. கேபிள் துறைகளும் இரண்டே. தொலைக்காட்சியையும் சிசிடிவி பதிவுக்கருவியையும் கேபிளில் இணைப்பவருக்கு ஒரு சுவிட்சும் தேவைப்படும்.

வாங்குபவருக்கு இதனால் என்ன பயன் என்பதையும் விற்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். நமது இணையப் பொதிகள் பலவற்றில் மாதத்துக்கு இத்தனை ஜிபி என்ற எல்லை இருக்கிறது. எந்தக் கைப்பேசி, எந்தத் தொலைக்காட்சி எவ்வளவு டேட்டாவைச் செலவழித்தது என்று தனித்தனியாகக் கணக்கிட்டுக் காட்டும் கருவியை ஓப்பன் டபிள்யூஆர்டியில் இலவசமாகச் சேர்க்கலாம். அதேவேளை, ஒளியிழை இணைப்பில் நிறுவனம் பொருத்தும், ஒளிச் சமிக்ஞையைக் கேபிளுக்கு மாற்றித் தரும் ஓஎன்டி பெட்டியை இது அகற்றிவிடாது. புதிய ரவுட்டர் அதற்குப் பின்னால்தான் அமரும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரண்டு பெட்டிகள் ஏன் என்ற கேள்வியோடு வாங்கியவர் திரும்பி வருவார்.

சட்டப் பக்கம் முதல் வழிக்கே சாதகமானது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் வானொலிச் சாதனங்களை இறக்குமதி செய்யவும் விற்கவும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவை. முறையான முகவர் ஊடாக வந்த மாதிரியை உள்ளூரில் வாங்குபவருக்கு இறக்குமதிச் சுமை இல்லை. விற்பனை அனுமதியை மட்டும் அவர் பெற்றுக்கொள்ள வேண்டும். ஜிபிஎல் உரிமத்தையும் மறக்கலாகாது: மூலநிரலைச் சாதனத்துடனேயே தராதவர், குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குக் கேட்டவருக்குத் தருவதாக எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். சிறு விற்பனையாளருக்கும் இது பொருந்தும்.

ஆகவே கொழும்பில் தொடங்குபவருக்கு என் பரிந்துரை, முதல் வழியை ஒரே ஒரு மாதிரியோடு மேற்கொள்வது. முகவரிடம் தொடர்ந்து கிடைப்பதும், ஓப்பன் டபிள்யூஆர்டியின் நடப்புப் பதிப்பு ஆதரிப்பதும், கழற்றாமலே மீட்கக்கூடியதுமான ஒன்றைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொரு தொகுதியிலும் வன்பொருள் பதிப்பு எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். வேலை நிமித்தம் ஊர் ஊராகச் செல்பவருக்கு மாங்கோவையும், திருத்தங்கள் தடையின்றி வரவேண்டிய சிறு அலுவலகத்துக்கு ஓப்பன் டபிள்யூஆர்டி ஒன்னையும் கேட்டபின் வரவழைத்துக் கொடுத்தால் போதும். விற்ற மாதிரியில் ஒன்றைக் கடையில் எப்போதும் இயங்கவிட்டு, புதிய பதிப்பு வந்ததும் முதலில் அதில் ஏற்றி ஒரு வாரம் பார்த்த பின்னரே வாங்கியவர்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அந்த ஒரு ரவுட்டரின் விலையைத் தொடக்கத்திலேயே முதலீட்டுக் கணக்கில் எழுதிக்கொள்வது நல்லது.