இமயமலைப் பறவைப் பயணம்: உத்தராகண்ட், சந்தக்ஃபூ, ஈகிள்நெஸ்ட் மூன்றில் எது?

பறவை பார்க்க இமயமலைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள். எந்த வழியில் போனால் எத்தனை இனம் கிடைக்கும்? அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். இமயத்தில் பறவைகள் உயரம் பார்த்துக் குடியிருக்கின்றன. 1,300 மீட்டரில் தோப்பெல்லாம் நிறைந்து கத்தும் குக்குறுவானை 3,000 மீட்டரில் தேடிப் பயனில்லை. அங்கே புல்வெளியில் மேயும் மோனால் என்ற கோழியினப் பறவை கோடையில் கீழே இறங்காது. ஆகவே கேட்க வேண்டியது இது: இந்தப் பாதை எத்தனை உயர அடுக்குகளைத் தொடுகிறது? ஒவ்வோர் அடுக்கிலும் விடியும் நேரத்தில் நாம் அங்கே நிற்க முடியுமா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் விடுப்பில் போய் வரக்கூடிய மூன்று வழிகளை இந்தக் கேள்வியை வைத்தே எடை போடலாம்.

உத்தராகண்ட்: சாத்தால், பங்கோட், சோப்தா

முதல் முறை போகிறவர்களுக்கு இதுதான் சரி. காத்கோதாமில் ரயிலை விட்டு இறங்கினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் சாத்தால். ஏறக்குறைய 1,400 மீட்டர். நம் ஓசூரே 900 மீட்டரை ஒட்டி இருப்பதால் உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி இருக்காது. இங்கே இரண்டு அல்லது மூன்று இரவு தங்க வேண்டும். காலையில் ஓக் காட்டு ஓடைகள், மதியத்துக்குப் பிறகு சான்ஃபி ஆற்றங்கரை. பாறைக்குப் பாறை தாவும் பழுப்பு டிப்பர், கொண்டை மீன்கொத்தி, ஃபோர்க்டெயில் எல்லாம் தண்ணீரை விட்டு நகராதவை. ஆற்றோரம் பொறுமையாக உட்கார்ந்தால் அவையே வந்து தங்களைக் காட்டும்.

சாத்தாலில் தீனி போட்டுப் பறவைகளை வரவழைக்கும் மறைவிடங்கள் பல உண்டு. படம் எடுப்பவர்களுக்கு அவை வசதி. பறவையை அறிந்துகொள்ள வந்தவர்கள் அரை நாளுக்கு மேல் அங்கே செலவழிக்க வேண்டாம். தீனித் தட்டுக்கு வரும் சிரிப்பானைப் பார்ப்பதும், புதருக்குள் இலையைப் புரட்டிக்கொண்டு போகும் சிரிப்பானைப் பார்ப்பதும் ஒன்றல்ல.

அடுத்தது பங்கோட். நைனிதாலிலிருந்து 15 கிலோமீட்டர், உயரம் 2,000 மீட்டரை ஒட்டி. கில்பரி வழியாகவும் விநாயக் பக்கமாகவும் போகும் சாலைதான் இங்கே களம். கோக்லாஸ் கோழி விடிந்த முதல் அரை மணியில் சாலை ஓரத்தில் நிற்கும். முதல் வண்டி ஓடிய பிறகு காட்டுக்குள் திரும்பிவிடும். சீர் ஃபெசன்ட் என்ற இன்னொரு கோழியினப் பறவைக்கு விநாயக் பக்கத்துச் செங்குத்தான புல்சரிவுகளைத் தொலைநோக்கியால் அங்குலம் அங்குலமாகத் துழாவ வேண்டும். அதன் நிறமும் காய்ந்த புல்லின் நிறமும் ஒன்று. பாறை மேல் ஏறி நின்று கத்தினால்தான் கண்ணில் படும். இரண்டு விடியற்காலை ஒதுக்காமல் ஒன்றோடு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

பங்கோட்டிலிருந்து சோப்தாவுக்கு கர்ணபிரயாகை, கோபேஷ்வர் வழியாக ஒரு முழுப் பகல் ஓட்டம். அன்றைய தினத்தில் பறவைக் கணக்கு வைக்காதீர்கள். சோப்தாவிலிருந்து துங்கநாத் கோயில் வரை மூன்றரை கிலோமீட்டர் கல் பாவிய பாதை. மோனால் இந்தப் பாதையின் மேல் பாதியில், புல்வெளியும் காட்டுப்பூவரசும் சேரும் இடத்தில் மேயும். ஆண் பறவையின் முதுகு வெயில் படும்போது செம்பும் பச்சையும் நீலமுமாக மாறி மாறி மின்னும். அதற்காகவே இவ்வளவு தூரம் வரலாம். பக்தர்களும் குதிரைகளும் ஏறத் தொடங்குவதற்குள் நீங்கள் மேலே இருக்க வேண்டும். அதாவது இருட்டிலேயே தலைவிளக்கோடு நடை. துங்கநாத் 3,400 மீட்டருக்கு மேல் என்பதால் மெதுவாக ஏறுங்கள். சோப்தாவிலேயே தங்கி, ஒரு காலையை கோபேஷ்வர் பக்கம் இறங்கும் மண்டல் பள்ளத்தாக்குக்கும் கொடுங்கள்.

இந்த வழியின் குறை மே மாதம். கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரை வண்டிகள் ருத்ரபிரயாகைச் சாலையை அடைத்துக்கொள்ளும். பைன் காடுகளில் தீப்பிடித்தால் நாள் கணக்கில் புகை மூட்டம் நிற்கும்.

சந்தக்ஃபூ: நடந்து பார்க்கும் வழி

டார்ஜிலிங் மாவட்டத்து சிங்காலிலா தேசியப் பூங்காவை ஒட்டிய நேபாள எல்லைப் பாதை. மானேபஞ்சாங்கில் ஏறத்தாழ 2,000 மீட்டரில் தொடங்கி, தும்லிங், கைரிபாஸ், காலிபோக்ரி வழியாக 3,636 மீட்டர் சந்தக்ஃபூவில் முடிகிறது. முப்பது கிலோமீட்டரைத் தாண்டும். காஞ்சன்ஜங்காவையும் எவரெஸ்ட்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம் என்பதால் கூட்டம் அதிகம்.

பறவைக்காரர்கள் இங்கே செய்யும் தவறு, மலையேற்ற நிறுவனங்களின் நாள் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வது. மலையேறுகிறவர் நாளைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து மதியத்துக்குள் விடுதி சேர்வார். பறவை பார்க்கிறவர் மணிக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தாலே வேகம். இரண்டையும் ஒரே நாளில் செய்யப்போனால் காலை எட்டு மணிக்கே வழிகாட்டி அவசரப்படுத்தத் தொடங்குவார். ஏறுவதற்கு மட்டும் ஐந்து நாள் வைத்து, கைரிபாஸுக்கும் காலிபோக்ரிக்கும் நடுவில் இரண்டு இரவு தங்குங்கள். மூங்கில் அடர்ந்த அந்த ஈரக்காட்டில்தான் சாட்டிர் டிராகோபான் என்ற கோழியினப் பறவைக்கும் சிவப்புப் பாண்டாவுக்கும் வாய்ப்பு. டிராகோபான் ஏப்ரல், மே விடியலில் கத்தும். அதன் குரல் குழந்தை அழுவது போல நீளமாக எழும். குரல் கேட்டதும் ஓடாதீர்கள். பாதையின் வளைவில் அசையாமல் நின்றால், குறுக்கே நடந்து போகும் அந்தச் சில விநாடி கிடைக்கும்.

இன்னொன்று: இந்தப் பாதையில் ஜீப்பும் போகிறது. ஒரே நாளில் ஜீப்பில் மேலே போய்த் தூங்கினால் தலைவலி, குமட்டல் வர வாய்ப்பு அதிகம். 2,000-லிருந்து 3,600-க்கு ஐந்தாறு மணி நேரத்தில் போவதை உடம்பு ஏற்காது. நடப்பவர்களுக்கும் வண்டிப் புழுதியும் ஒலியும் தொல்லைதான். ஆகவே முதல் ஜீப் வருவதற்குள் அந்த நாளின் நல்ல பறவைகளைப் பார்த்துவிட வேண்டும்.

உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் பூங்காவுக்குள் விடமாட்டார்கள். எல்லைச் சாவடிகளில் காட்ட அடையாள அட்டை அசலாகவே இருக்கட்டும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை பூங்கா மூடல். மொத்தத்தில் நடையை விரும்பி, எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை என்பவர்களுக்கான வழி இது. அறுபது இனத்தோடு திரும்பினாலும் அதில் டிராகோபானும் தீ நிற வால் மைசோர்னிஸும் இருந்தால் அது நல்ல பயணம்தான்.

ஈகிள்நெஸ்ட்: ஒரே சாலையில் இமயம் முழுவதும்

உயர அடுக்கு என்ற அளவுகோலில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. அருணாச்சலப் பிரதேசத்தின் மேற்கு காமெங் மாவட்டத்தில் 217 சதுர கிலோமீட்டர் சரணாலயம். இராணுவம் போட்ட பழைய மண்சாலை ஒன்று 2,800 மீட்டர் கணவாயைத் தாண்டி மறுபுறம் கெல்லாங் வரை, 700 மீட்டர் உயரம் வரை, காட்டை விட்டு வெளியே வராமலே இறங்குகிறது. 1950-களில் இங்கே இருந்த படைப்பிரிவின் செங்கழுகுச் சின்னத்திலிருந்து வந்ததுதான் சரணாலயத்தின் பெயர். தெங்கா பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் வழியில் ஓர் ஊரின் பெயர் ராமலிங்கம். நம்மூர்க்காரர்கள் அந்தப் பலகையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிடுவார்கள்.

லாமா முகாம் 2,350 மீட்டர், போம்பு 1,940, செஸ்னி 1,250. லாமாவில் மூன்று இரவு, போம்புவில் நான்கு இரவு என்று பிரித்துக்கொண்டால், போம்புவிலிருந்தே ஒரு நாள் செஸ்னிக்கும் இன்னொரு நாள் கணவாய்ப் பக்கமும் போய்வரலாம். லாமா முகாமைச் சுற்றித்தான் புகுன் லியோசிக்லா. வானியலாளர் ரமணா ஆத்ரேயா 2006-இல் உலகுக்கு அறிவித்த பறவை. எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் ஒன்றைக்கூடக் கொல்லாமல், படங்களையும் உதிர்ந்த இறகுகளையும் வைத்தே விவரித்தார். புகுன் மக்கள் தங்கள் ஊர்க்காட்டில் 17 சதுர கிலோமீட்டரை 2017-இல் சமுதாயக் காப்பகமாக ஒதுக்கியதும் இதற்காகத்தான். அங்கே கட்டும் கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள்.

போம்புவுக்குக் கீழே வார்ட்ஸ் டிரோகன் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நாம் பார்க்கும் தீக்காக்கையின் உறவு. அழகுப் பசையெடுப்பானும் அதே காட்டில்தான். இங்கே திணறடிப்பது கலப்புக் கூட்டம். அரை மணி ஒன்றும் இருக்காது. திடீரென்று யுஹினா, மின்லா, சிபியா, கதிர்க்குருவி என்று இருபது வகை ஒரே மரத்தில் பாய்ந்து ஐந்து நிமிடத்தில் போய்விடும். நான்கு பேரும் ஒரே பறவையைப் பார்க்காமல், ஒருவர் உச்சி, ஒருவர் நடுக்கிளை, ஒருவர் அடிமரம், ஒருவர் புதர் என்று பிரித்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனால் பாதியாவது தேறும்.

நேரக் கணக்கும் மாறும். ஏப்ரல் நடுவில் கிருஷ்ணகிரியில் சூரியன் ஆறு மணிக்கு எழும்போது இங்கே ஐந்துக்கு முன்பே விடிந்துவிடும். மூன்றரைக்கு எழுந்து நாலரைக்குச் சாலையில் நிற்க வேண்டும். மாலை ஆறுக்கெல்லாம் இருட்டு.

சிரமங்கள்: தங்குவது கூடாரத்தில், குளிக்க வாளி வெந்நீர், மின்சாரம் சில மணி நேரம். மழை பெய்தால் மண்சாலை குழைந்து, மரம் விழுந்து, வண்டி அரை நாள் நிற்கும். மே மாதத்தில் அட்டை ஏறும். முழங்கால் வரை இறுக்கமான துணியில் தைத்த அட்டைக் காலுறை போட்டுக்கொண்டால் போதும். கீழ்ப்பகுதியில் யானை சாலையிலேயே வரும். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கத்து ஆட்களுக்கு அப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றிலும் செலவு அதிகம் இங்கேதான். கவுகாத்தியிலிருந்தே வண்டி எடுக்க வேண்டும், அரிசி பருப்பு முதல் எல்லாமே மேலே சுமந்து போவது. மாநிலத்துக்குள் நுழைய உள்நுழைவு அனுமதிச் சீட்டு கட்டாயம். இணையத்தில் வாங்கி, இரண்டு படி அச்செடுத்து வையுங்கள்.

யாருக்கு எந்த மாதம்

மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல் முதல் ஜூலை வரை அசைய வழியில்லை. அவர்களுக்கு டிசம்பர், ஜனவரி சாத்தால்தான் பொருத்தம். மேலே பனி விழ, மலைப் பறவைகள் கீழே இறங்கிவந்திருக்கும். சோப்தாவை அப்போது விட்டுவிடுங்கள், சாலையே மூடிப்போகலாம். ஆசிரியர்களுக்கு மே விடுமுறை என்றால் முதல் வாரத்திலேயே ஈகிள்நெஸ்ட். ஆயுதபூஜையை ஒட்டி விடுப்பு கிடைக்கும் ஓசூர் ஆலைத் தொழிலாளர்களுக்கு, வானம் தெளிந்திருக்கும் அக்டோபர் கடைசி சந்தக்ஃபூ. ஆனால் அப்போது டிராகோபான் கத்தாது, பார்ப்பது கடினம். எந்த மாதமும் போகலாம் என்பவர்கள் ஏப்ரல் பிற்பாதியைத் தேர்ந்தெடுங்கள்.

வண்டி, உடம்பு, சாமான்

நடைபாதையா, வண்டி போகும் சாலையா என்று கேட்டால், பறவை எண்ணிக்கை வேண்டுமென்றால் சாலை, நிச்சயமாக. அதற்காக வண்டிக்குள் உட்கார்ந்தே பார்ப்பது என்று பொருளில்லை. நாம் இறக்கத்தில் நடக்க, வண்டி அரை கிலோமீட்டர் பின்னால் இன்ஜினை அணைத்து நிற்கும், கூப்பிட்டால் வரும். ஒரு வண்டிக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம். ஒற்றையடிப் பாதையில் ஐந்தாவது ஆளுக்குப் பறவையின் வால்கூடத் தெரியாது.

3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால் மாத்திரையை நம்பிக் காத்திருக்காமல் உடனே இறங்க வேண்டும். உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை எடுப்பதாக இருந்தால் ஊரிலேயே மருத்துவரைக் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். கிளம்பும் முன் ஆறு வாரம், வாரம் மூன்று நாள், ஆறு கிலோ பையோடு கிருஷ்ணகிரிக் கோட்டை மலையோ தீர்த்தமலையோ ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பிடிக்கும்.

தொலைநோக்கி 8x42 போதும், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். 10x வாங்கினால் பெரிதாகத் தெரியும், ஆனால் பார்வைப் பரப்பு சுருங்கி, கலப்புக் கூட்டத்தில் பறவையைப் பிடிப்பதற்குள் அது போய்விடும். காட்டு இருட்டில் 8x42 கண்ணுக்கு 5.25 மில்லிமீட்டர் அகல ஒளிக்கற்றையைத் தரும், 10x42 தருவது 4.2 மட்டும். குளிரிலிருந்து அறைக்குள் வந்ததும் கண்ணாடியில் நீர் கோக்கும். பையை மூடியபடியே அரை மணி வைத்திருந்து பிறகு திறங்கள். கேமரா பேட்டரியை இரவில் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் விமானத்தில் கைப்பையில் மட்டும். பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியின் பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வையுங்கள், மேலே சிக்னலை நம்ப முடியாது. பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைப்பது கூடு கட்டும் மாதங்களில் வேண்டவே வேண்டாம். எல்லையைக் காக்க ஓடிவரும் ஆண் பறவை குஞ்சுக்கு இரை தேடும் நேரத்தை இழக்கிறது.

முன்பதிவு

முகாம் அல்லது விடுதி, பிறகு வழிகாட்டி, கடைசியில் டிக்கெட். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். நல்ல வழிகாட்டிகளின் ஏப்ரல் மாதம் ஜனவரிக்கு முன்பே நிரம்பிவிடும். ரயில் முன்பதிவோ 60 நாளுக்கு முன்தான் திறக்கும். டெல்லிக்கு சேலம், ஜோலார்பேட்டையில் நிற்கும் கேரளா எக்ஸ்பிரஸ் வசதி. இரண்டு இரவுப் பயணம், அங்கிருந்து காத்கோதாமுக்கு இரவு ரயில். சந்தக்ஃபூ போக இறங்க வேண்டிய பாக்டோக்ராவுக்கும், ஈகிள்நெஸ்ட் போக இறங்க வேண்டிய கவுகாத்திக்கும் பெங்களூரிலிருந்து நேரடி விமானம் உண்டு. கவுகாத்திக்கு ரயிலில் போனால் போகவர ஐந்து நாள் தீர்ந்துவிடும். பத்து நாள் விடுப்பில் அது கட்டாது. தேவனஹள்ளி விமான நிலையம் பெங்களூரைத் தாண்டி வடக்கே இருக்கிறது. காலை ஆறு மணி விமானம் என்றால் கிருஷ்ணகிரியிலிருந்து நள்ளிரவிலேயே கிளம்பிவிடுங்கள்.