நடுவில் கோடு கிழித்த நோட்டு: ஒரு மகளிர் ஆலோசனை மையம் பற்றி

கடந்த ஆண்டு என் தங்கையை ஒருவன் எட்டு மாதங்களாகப் பின்தொடர்ந்தபோது, மதுரையிலுள்ள ஒரு மகளிர் ஆலோசனை மையத்துக்கு அவளுடன் ஐந்து முறை சென்றுவந்தேன். அங்கே வரும் பெண்களைத் தேடித் திரிபவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் பெயரையும் தெருவையும் எழுதவில்லை. எங்களுக்கு 181 மகளிர் உதவி எண் மூலமாகத்தான் அந்த முகவரி கிடைத்தது.

அவன் வங்கித் தேர்வுப் பயிற்சி வகுப்பில் உடன் படித்தவன். செய்தவற்றைத் தனித்தனியாகச் சொன்னால் அற்பமாகத் தோன்றும்: பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றான், வெவ்வேறு எண்களிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தான், வாட்ஸ்அப்பில் பிளாக் செய்த பிறகு ஜிபேயில் ஒரு ரூபாய் அனுப்பி, "இன்று பச்சை சுடிதார்" என்று குறிப்பில் எழுதினான். ஒரு ரூபாய்க்கெல்லாம் புகாரா என்று உறவினர் ஒருவர் சிரித்தார்.

ஆலோசகர் சிரிக்கவில்லை. நோட்டு ஒன்றை எடுத்து நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் அவன் செய்ததைத் தேதி, நேரத்துடனும், வலப்பக்கம் அதனால் அவள் மாற்றிக்கொண்டதையும் தங்கையை எழுதச் சொன்னார். இடப்பக்கம் இரண்டு தாள்களில் முடிந்தது. வலப்பக்கம் ஐந்தாவது தாளுக்குப் போனது. 8.10 பேருந்தை விட்டு 7.25-க்குப் போனது, மொட்டை மாடியில் துணி காயப்போடுவதை நிறுத்தியது, இரண்டு மாதிரித் தேர்வுகளுக்குப் போகாதது, யார் அழைத்தாலும் முதலில் கை நடுங்கியது. ஒரே வீட்டில் இருந்தும் இவற்றில் பாதி என் கண்ணில் பட்டதில்லை.

சட்டத்தையும் அங்கே நிதானமாக விளக்கினார்கள். 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354டி பிரிவாக வந்த பின்தொடர்தல் குற்றம், 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் இருக்கிறது. முதல் முறை தண்டிக்கப்பட்டால் மூன்று ஆண்டுகள் வரை, மீண்டும் தண்டிக்கப்பட்டால் ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்கிறது அந்த மத்தியச் சட்டம். பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பிறகும் தொடர்வது என்பதே அதில் முக்கியம் என்பதால், "இனி என்னைத் தொடர்புகொள்ளாதீர்கள்" என்று ஒரே ஒரு செய்தி அனுப்பிவிட்டு, அதன் பிறகு திட்டுவதற்குக்கூடப் பதில் எழுத வேண்டாம் என்றார்கள். முப்பதாவது அழைப்பை எடுத்துவிட்டால், முப்பது முறை அழைத்தால் எடுப்பாள் என்று அவன் கணக்குப் போட்டுவிடுவானாம்.

மூன்றாம் முறை அப்பாவையும் வரச் சொன்னார்கள். சென்னையில் 2016-இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்திலும் 2022-இல் பரங்கிமலை நிலையத்திலும் இளம்பெண்கள் கொல்லப்பட்டதை நினைத்து, வகுப்பே வேண்டாம் என்று அவர் முடிவெடுத்திருந்தார். ஆலோசகர் அவரிடம் வாதாடாமல் நோட்டின் வலப்பக்கத்தைக் காட்டி, "இதில் அடுத்த வரியை நீங்கள் எழுதப்போகிறீர்களா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். அப்பா வெகுநேரம் பேசவில்லை. மறுவாரம் காவல் நிலையத்துக்கு அவரே கூட வந்தார். தேதிவாரியான பட்டியலும் திரைப்பிடிப்புகளின் அச்சுப் பிரதிகளும் கையில் இருந்ததால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது அன்றே கிடைத்தது.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. காத்திருக்கும் கூடத்தின் வாசல் நேராகத் தெருவைப் பார்த்திருக்கிறது; பின்தொடரப்படுகிறவள் ஒன்றரை மணி நேரம் உட்கார ஏற்ற இடமா அது? வரவேற்பில் இருந்தவர் பெயரை ஊருக்கே கேட்கும்படி அழைத்தார். நான்காம் முறை ஆலோசகர் மாறிவிட்டதால் முழுக்கதையையும் முதலிலிருந்து சொல்ல நேர்ந்தது, அன்றிரவு தங்கை சாப்பிடவில்லை. மாலை ஐந்தரைக்கே மூடிவிடுவதால் வேலைக்குப் போகிறவர்கள் விடுப்பு எடுத்துத்தான் வர வேண்டும்.

கட்டணம் இல்லை. காலை பத்து மணிக்கே போய்விட்டால் கூட்டம் குறைவு. காவல் நிலையத்தில் அவனை அழைத்துப் பேசிய பிறகு அழைப்புகள் நின்றுவிட்டன. நோட்டு இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. வலப்பக்கத்தில் சில வரிகளை அடித்துவிட்டாள், 8.10 பேருந்தை இன்னும் அடிக்கவில்லை.