ஆரில் கணக்கு, எக்செலில் விடை: நீண்டநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

குழுவில் பாதிப் பேர் மெனுவில் தேர்ந்தெடுத்துக் கணக்கிடும் புள்ளியியல் மென்பொருளான எஸ்பிஎஸ்எஸ்ஸில் (SPSS) பழகியவர்கள். வாடிக்கையாளர் எக்செல் ஃபைலைத் தவிர வேறெதையும் திறக்க மாட்டார். நமக்குக் கைவந்தது, நிரல் எழுதிக் கணக்கிடும் ஆர் (R). எந்த மென்பொருளில் செய்வது என்று முடிவெடுக்க ஒரு கேள்வி போதும்: ஒப்படைத்த பிறகு அந்தக் கணக்கை மறுபடி ஓட்டப் போவது யார்? வாடிக்கையாளர் விடையை மட்டும் படிப்பார் என்றால் ஆரில் தாராளமாகச் செய்யலாம். அடுத்த மாத டேட்டாவைப் போட்டு அவரே ஓட்டுவார் என்றால் அவருக்குத் தெரிந்த மென்பொருளில்தான் செய்துகொடுக்க வேண்டும். இதில் பிடிவாதம் பிடித்துப் பயனில்லை.

ஃபைல் வடிவத்தால் பெரிய தொல்லை இல்லை. எஸ்பிஎஸ்எஸ் ஃபைலை ஆரின் ஹேவன் பேக்கேஜ் (ஆரில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல் தொகுப்பு) லேபிள்களோடு படித்துவிடும். ஓப்பன்எக்ஸ்எல்எஸ்எக்ஸ் பேக்கேஜ் அட்டவணைகளை நேரே எக்செல் ஷீட்டாக எழுதும். வேர்டு ரிப்போர்ட்டுக்கு ஆபீசர், ஃப்ளெக்ஸ்டேபிள் பேக்கேஜ்கள் இருக்கின்றன.

தொல்லை விடை பொருந்தாதபோதுதான் வருகிறது. "எங்கள் எஸ்பிஎஸ்எஸ்ஸில் வேறு எண் வருகிறதே" என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் மொத்த வேலையின் மேலும் சந்தேகம் விழும். பெரும்பாலும் இரண்டு விடையும் சரியாகவே இருக்கும், டீஃபால்ட்தான் (நாம் எதுவும் சொல்லாதபோது மென்பொருள் தானே எடுத்துக்கொள்ளும் முறை) வேறு. 1 முதல் 10 வரையுள்ள எண்களுக்கு முதல் கால்மானம் (கால்வாசி எண்கள் எந்த மதிப்புக்குக் கீழே விழுகின்றனவோ அது) கண்டு பாருங்கள். ஆரில் 3.25, எஸ்பிஎஸ்எஸ்ஸில் 2.75, சாஸ், ஸ்டேட்டா என்ற வேறு இரு புள்ளியியல் மென்பொருள்களில் 3. ஆரின் குவாண்டைல் ஃபங்ஷனில் டைப் 6 கொடுத்தால் எஸ்பிஎஸ்எஸ் விடையும், டைப் 2 கொடுத்தால் சாஸ் விடையும் கிடைக்கும். அதேபோல் 2.5-ஐ முழு எண்ணாக்கினால் ஆரில் 2, எக்செலில் 3.

பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் அனோவாவில் இது இன்னும் ஆழமாகப் போகிறது. குழுக்களின் அளவு சமமாக இல்லாதபோது வேறுபாட்டை ஒவ்வொரு காரணிக்கும் பிரித்துக் கொடுக்கும் வர்க்கக் கூடுதலில் ஆர் டைப் 1-ஐயும் எஸ்பிஎஸ்எஸ் டைப் 3-ஐயும் காட்டும். ஆரின் 'கார்' (car) பேக்கேஜில் டைப் 3 கேட்டு வாங்கலாம். ஆனால் மாடலைப் பொருத்துவதற்கு முன்பே, வகைகளை எண்ணாக்கும் முறையான கான்ட்ராஸ்டை 'சம்' (sum) வகைக்கு மாற்றியிருக்க வேண்டும். மாற்றாவிட்டால், இடைவினை (ஒரு காரணியின் விளைவு இன்னொன்றைப் பொறுத்து மாறுவது) உள்ள மாடலில் முதன்மை விளைவுகளின் எண்கள் பொருந்தாது. பிழைச் செய்தியும் வராது. அதனாலேயே பலரும் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

ஆம்/இல்லை போன்ற விடையைக் கணிக்கும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷனில் எஸ்பிஎஸ்எஸ் கடைசி வகையை ஒப்பீட்டு வகையாக எடுக்கும், ஆர் முதல் வகையை. இரண்டே வகை என்றால், ஒரு வகையின் சாத்தியம் மற்றதைப்போல் எத்தனை மடங்கு என்று காட்டும் ஆட்ஸ் ரேஷியோ 2 என்பது 0.5 ஆகத் தலைகீழாகும். இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்டில், குழுக்களின் பரவல் சமம் என்று கொள்ளாத வெல்ச் முறையை ஆர் காட்டும். எஸ்பிஎஸ்எஸ் இரண்டு வரிகள் தரும், வாடிக்கையாளர் பரவல் சமம் என்று கொண்ட மேல் வரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்டேட்டாவில் விடுபட்ட மதிப்பு எல்லா எண்களையும்விடப் பெரியது. 'வருமானம் 50,000-க்கு மேல்' என்று வடிகட்டினால் வருமானம் சொல்லாதவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள்.

எக்செலில் விடை கொடுப்பது நல்லது. மூல டேட்டாவை எக்செலில் வைத்துத் திருத்துவது ஆபத்து. சிஎஸ்வியை (காற்புள்ளியால் பிரித்த உரை ஃபைல்) நேரே திறந்தால் அடையாள எண்ணின் முன்னாலுள்ள பூஜ்யங்கள் போய்விடும், 16 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் பூஜ்யமாகும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம் 65,536 வரிகள்தான் கொள்ளும். 2020-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கோவிட் தொற்றுகள் கணக்கில் விடுபட்டது இந்த வரம்பால்தான்.

எஸ்பிஎஸ்எஸ்ஸை விடாத சக ஊழியரை ஆருக்கு இழுக்க வேண்டியதில்லை. மெனுவில் எல்லாம் தேர்ந்தெடுத்தபின் 'ஓகே'வுக்குப் பதில் 'பேஸ்ட்' அழுத்தச் சொல்லுங்கள். செய்தது முழுவதும் சின்டாக்ஸாக, அதாவது கட்டளை வரிகளாகப் பதிவாகும், ஆறு மாதம் கழித்தும் அப்படியே ஓட்டலாம். ஆர் பக்கம் ஆர்என்வி (renv) பேக்கேஜைக் கொண்டு பேக்கேஜ் பதிப்புகளைப் பூட்டுங்கள். ஆரின் பதிப்பையும் குறித்து வையுங்கள். 2019-இல் வந்த 3.6.0-வில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும் சாம்பிள் ஃபங்ஷன் மாறியதால், அதே சீடுக்கு (குலுக்கலின் தொடக்க எண்) வேறு தேர்வு வரத் தொடங்கியது.

மென்பொருளை மாற்றுவதானால், வாடிக்கையாளர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பழைய ரிப்போர்ட் ஒன்றைப் புதியதில் கடைசி இலக்கம் வரை பொருத்திக் காட்டுங்கள். அதற்காக மாற்றிய டீஃபால்ட்களை 'முறை' என்ற தனி ஷீட்டில் எழுதி, ஒவ்வொரு எக்செல் ஃபைலிலும் முதல் ஷீட்டாக வையுங்கள்.